கட்டங்களுக்குள் எங்கள் வீடு

என் கணவர் எதையும் உடனே நம்பிவிடமாட்டார். பால்காரர் கண் முன்னால் கறந்து கொடுத்தாலும், கறப்பதற்கு முன் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார். பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கிற டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பார். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப் போக அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துக்குப் போகிற பக்கம், ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். ஒரே வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விட்டிருப்பார்கள், அதற்குத்தான் ஸ்டோர் என்று பெயர். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. முன்பகுதியில் வீட்டுக்காரம்மா. பின்பகுதியில் நாங்கள். எங்களுக்கு மேலே, செங்குத்தான மரப்படி ஏறிப்போகிற ஒற்றை அறையில் ஒரு தம்பதி. மற்ற இரண்டு இடங்களில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

கணவருக்குப் பொன்மலையில் வேலை. திரும்பி வரும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மாலைப் பத்திரிகை வாங்கி வருவார். திருச்சிக்குள்ளேயே அச்சாகி, திருச்சிக்குள்ளேயே தீர்ந்துபோகிற சின்னப் பத்திரிகை. கடைசிப் பக்கத்தின் மூலையில் தினமும் ஒரு சொல்லை ஒளித்து வைத்திருப்பார்கள். எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம். அதில் ஒரு எழுத்தை மட்டும் போட்டிருப்பார்கள். கீழே ஒரு வரி குறிப்பு. விடை மறுநாள் வரும்.

சாப்பிட்டு முடித்ததும் கிணற்றடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றுக்காக வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு பேரும் அதைப் போட்டுப் பார்ப்போம். அவர் வழி எழுத்து வழி. "தமிழ்ச் சொல்லு க்-லயோ ட்-லயோ முடியாது. அதனால கடைசிக் கட்டத்துல முதல்ல ம் வெச்சுப் பாரு, அப்புறம் ல், அப்புறம் ர்," என்பார். ஞ் வந்தால் பக்கத்தில் ச வரிசை, ங் வந்தால் க வரிசை, ந் வந்தால் பெரும்பாலும் த வரிசை என்று ஒவ்வொரு கட்டமாக அடைத்துக்கொண்டே வருவார். என் வழி வேறு. நான் குறிப்பை மூன்று நான்கு தடவை படிப்பேன். அதில் எந்த வார்த்தை தேவையில்லாமல் உட்கார்ந்திருக்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்வேன். ஒளித்து வைத்தவர் அங்கேதான் கையை வைத்திருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. சில நாள் அவர் ஜெயிப்பார், சில நாள் நான். இரண்டு பேரும் தோற்றால், குறிப்பே தப்பு என்று அவர் சொல்லிவிடுவார்.

ஒரு தடவை மணப்பாறையிலிருந்து என் தம்பி வந்தான். கூடை நிறைய முறுக்கு கொண்டுவந்து, கிணற்றடியில் நின்றே எல்லார் வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் நான்கு கட்டம். குறிப்பு: 'மீசைக்கும் வரும், மணப்பாறைக்கும் வரும்.'

நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். அவர் சிரிக்கவில்லை. "மணப்பாறைன்னா முறுக்குதானேங்க. யாருக்குத்தான் தெரியாது?" என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் எங்கள் பின்கதவுத் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. தச்சர் வந்து சரிசெய்வதற்குள் ஒரே ரகளை. அதற்குப் பின்னால் ஐந்து கட்டம் வந்தது, மூன்றாவதில் ப். 'உள்ளே போட்டால் காவல், வெளியே போட்டால் சிறை.'

"ப்-க்கு அப்புறம் ப வரிசைதான்," என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, புதுத் தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ யாருகிட்டயாவது பேசறியா?"

"யாருகிட்ட?"

"இந்த வீட்டுல நடக்கிறதை."

எனக்குச் சுரீர் என்றது. நாள் முழுக்கச் சமையலும் துணியும் தண்ணீருமாக இருக்கிறவள், பத்திரிகைக்காரனிடம் போய்த் தாழ்ப்பாள் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேனா? அன்றைக்கு அவரோடு பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் நான் கத்தரிக்கோலைக் காணாமல் ஸ்டோர் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த வாரமே ஏழு கட்டம்: 'இரண்டு பேர் சேர்ந்தால்தான் வெட்டும், தேடினால் கிடைக்காது.' குறிப்பில் 'தேடினால்' என்ற வார்த்தை தேவையே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. கத்தரிக்கோலைப் பற்றி எழுதுகிறவருக்கு அதைத் தேடின கதை எப்படித் தெரிந்தது?

யார் மேல் சந்தேகப்படுவது என்று பெரிதாக யோசிக்கவேண்டியிருக்கவில்லை. மாடி மனுஷர் ஏற்கெனவே எங்கள் எல்லாருடைய சந்தேகத்திலும் இருந்தார். காலையில் குடையோடு போவார், இருட்டுகிற நேரத்துக்கு வருவார். எங்கே வேலை என்று கேட்டால், "ஒரு கம்பெனியிலங்க," என்பார். அவர் மனைவியை நாங்கள் யாருமே சரியாகப் பார்த்ததில்லை. குடிவந்த அன்று அவரைத் தாங்கிப் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். அதோடு சரி. தண்ணீர் எடுக்கக்கூட அந்த மனுஷர்தான் வருவார். "நெஞ்சுல கோளாறுங்கறார். நெஞ்சுன்னா எது? காசமா இருந்தா நம்ம கதி என்ன?" என்று வீட்டுக்காரம்மா என்னிடம் கிசுகிசுத்தார். அன்றிலிருந்து மாடிக்குப் போன வாளியை நான் தனியாகத்தான் வைத்தேன்.

"அவர் நகக்கண்ணைப் பாத்திருக்கியா? மை," என்றார் கணவர். "கம்பெனிக்குப் போறவனுக்கு நகக்கண்ணுல ஏன் மை?"

கணவர்தான் ஒரு பொறியை யோசித்தார். நடக்காத ஒரு விஷயத்தை நடந்ததாகக் கிணற்றடியில் சொல்ல வேண்டும். அது கட்டத்தில் வந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. என்ன சொல்வது என்று நானே தேர்ந்தெடுத்தேன். மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரம்மா தண்ணீர் இறைக்க வந்தபோது உரக்கச் சொன்னேன்.

"நேத்து நம்ம ஓட்டு மேல ஒரு மரநாய் ஓடுச்சுங்க. இவ்வளவு நீளம் வாலு."

வீட்டுக்காரம்மா வெலவெலத்துப் போனார். அன்றைக்கே ஆள் கூப்பிட்டு உடைந்த ஓடுகளை மாற்றச் சொன்னார், பால் பாத்திரத்தின் மேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது நாள் பத்திரிகையை மடிக்காமல் விரித்துப் பிடித்தபடியே அவர் வீட்டுக்குள் வந்தார். நான்கு கட்டம், கடைசியில் ய். குறிப்பு: 'பெயரில் குரைக்கும், கூரையில் நடக்கும்.'

நாங்கள் விடையை எழுதவேயில்லை. "நீ சொன்னப்போ கிணத்தடியில யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டார்.

"நானும் வீட்டுக்காரம்மாவும்தான். மாடிக்காரர் வேலைக்குப் போயிருந்தார்."

"மாடி ஜன்னல்?"

அது எப்போதும்போலத் திறந்திருந்தது.

மறுநாள் அவர் அரைநாள் லீவு போட்டார். மாடிக்காரர் ஏறின பஸ்ஸிலேயே பின்பக்கமாக ஏறி, சத்திரத்தில் இறங்கி, மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்து வரைக்கும் பின்னாலேயே போயிருக்கிறார். அந்தச் சந்தில்தான் பத்திரிகையின் அச்சகம். மாடிக்காரர் பக்கவாட்டுக் கதவு வழியாக, தன் வீட்டுக்குள் போகிறவர்போல நுழைந்தாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கணவரின் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. சந்தேகம் பலிக்கும்போது மட்டும் வருகிற சந்தோஷம் அது.

"நாளைக்கு நேரா அவன்கிட்டயே கேட்டுடறேன். நம்ம வீட்டை வேவு பாத்து எழுதறதுக்கு இவன் யாரு? பத்திரிகைக்கும் எழுதிப் போடறேன்."

எனக்கு ஒன்று மட்டும் பொருந்தவில்லை. மரநாய் பற்றிச் சொன்னபோது மாடிக்காரர் வீட்டிலேயே இல்லை. காது மாடியில்தான் இருந்தது. சத்தம் போட்டுச் சண்டையாகிவிட்டால் அந்தக் காது யாருடையது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். மறுநாள் காலையில் மாடிக்காரர் குடையோடு போனதும், ஒரு கிண்ணத்தில் ரசத்தை எடுத்துக்கொண்டு, மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, படி ஏறினேன்.

ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்த கட்டிலில் அந்த அம்மா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். உதடு கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது. மடியில் ஒரு சிலேட்டு. அதில் கட்டங்கள்.

"வாங்க," என்றார். "தலைப்பை எடுத்துடுங்க. இது ஒட்டற வியாதி இல்ல. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல இருதயம் கெட்டுப்போச்சு. படி ஏறி இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவ்வளவுதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கண் சிலேட்டை விட்டு நகரவில்லை. "நீங்கதான் போடறீங்களா?"

"முதல்ல அவரைத்தான் போடச் சொன்னாங்க. அவர் அங்க புரூஃப் பார்க்கறவர். அவர் போட்டதெல்லாம் யாருக்கும் புரியாத வார்த்தை. அப்புறம் நான் எடுத்துக்கிட்டேன். அவர்தான் போடறார்னு மேனேஜர் இன்னும் நினைச்சுக்கிட்டிருக்கார். யார் போடறதுன்னு வெளியில தெரியக்கூடாதுன்னு கண்டிஷன். அதனாலதான் எங்க வேலைன்னுகூட அவர் சொல்றதில்ல."

"எங்க வீட்டு வார்த்தையா ஏன் போடறீங்க?" என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

அவர் ஜன்னலைக் காட்டினார். கட்டிலிலிருந்து பார்த்தால் கிணறு தெரியவில்லை. நடுவில் ஓட்டுச் சரிவு மறைத்தது. சத்தம் மட்டும்தான் வரும். "தினமும் ஒரு வார்த்தை வேணும். எனக்கு வேற எங்கேருந்து வரும்? உங்க கிணத்தடியில பேசறதுதான் எனக்குக் கடைத்தெரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா அதுவும் கேக்கும். காதை மூடிக்க முடியாது. ஆனா சண்டையிலேருந்து ஒரு வார்த்தை எடுத்ததில்ல. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

நின்ற இடத்திலேயே யோசித்துப் பார்த்தேன். அந்த வருஷம் எங்களுக்குள் பெரிய சண்டைகள் நடந்திருந்தன. ஒன்றுகூடக் கட்டத்துக்குள் வரவில்லை.

"அப்போ மரநாய்? அது நிஜமே இல்லையே."

"தெரியும்," என்றார். "அன்னைக்கு உங்க குரல் வேற மாதிரி இருந்துச்சு. வீட்டுக்காரம்மா பக்கத்துல நிக்கறாங்க, நீங்க தெருவுக்கே கேக்கற மாதிரி பேசறீங்க. யாருக்கோ கேக்கணும்னுதான் பேசறீங்கன்னு புரிஞ்சுது. எனக்குத்தான்னு நினைச்சேன். போட்டா யாராவது மேல வந்து கேப்பாங்கன்னு போட்டேன். குடிவந்து இவ்வளவு நாள்ல நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க."

ரசம் ஆறிப்போயிருந்தது. கீழே எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தேன்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "படுத்துக் கிடக்கறவங்க தினமும் வார்த்தை கட்டறாங்களாம். அவன் சொல்லிக் கொடுத்த கதை. சிலேட்டை மடியில வெச்சுக்கிட்டா ஆச்சா?" என்றார். சண்டைக்குப் போகவில்லை, அந்த அளவுக்கு நல்லது. ஆனால் வேறொன்று செய்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிசுகிசுப்புத்தான். கிணற்றடிக் கதவைச் சாத்திவிட்டார். வீட்டுக்காரம்மாவிடமும் எதையோ சொல்லிவைத்தார். அவர் தண்ணீர் இறைக்கும்போதுகூட வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மரநாய் ஒருவழியாக மறந்துபோய், வீட்டுக்காரம்மாவுக்கு மாடி ஜன்னலே பெரிய பயமாகிவிட்டது.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்குள் கட்டங்களில் மேகம் வந்தது, தென்னை வந்தது, கோபுரம் வந்தது. கிணற்றடியிலிருந்து எதுவும் கிடைக்காதபோது, அறையின் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாகத் தெரிந்ததையெல்லாம் மாடி அம்மா எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான்கு கட்டத்துக்கு, 'வட்டம் போடுகிறது, இறங்கத்தான் காணோம்,' என்று குறிப்பு. பருந்து. அன்றைக்கு எனக்குப் பென்சிலை எடுக்கவே மனம் வரவில்லை.

மறுநாள் கிணற்றடிக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுத் துணி துவைத்தேன். கணவர் சட்டையில் பட்ட கறையையும், கீரைக்காரி கட்டைச் சின்னதாக்கிவிட்டதையும், கொடிக்கயிறு அறுந்ததையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே துவைத்தேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். மத்தியானங்களில் மாடிக்கும் போக ஆரம்பித்தேன். அந்த அம்மாவை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான்.

அதில் எனக்கு ஒரு நஷ்டமும் வந்தது. சில விடைகள் முன்கூட்டியே தெரிந்துவிட்டன. கட்டத்தைப் பார்த்ததும் என் கண்ணில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "நீ யோசிக்கிற மாதிரி இல்லையே. தெரிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கே," என்றார் கணவர். அதற்குமேல் நான் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் தனியாகப் போட்டார். தனியாகப் போடுகிறவர் முகத்தை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு சுகமாக இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடிக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கணவர்தான் எழுந்து போனார்.

"சார், ஒரு உதவி கேக்க வந்தேன். வேலூர்ல இருதயத்துக்கு ஆபரேஷன் பண்றாங்க. அவளைச் சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. திரும்பி வர்ற வரைக்கும் அந்தச் சொல்லை யாராவது போடணும். ஆபீஸ்ல கேட்டா விஷயம் வெளிய வந்துடும். எங்களுக்கு உங்க ரெண்டு பேரையும் விட்டா யாரையும் தெரியாது."

"எங்களை எப்படித் தெரியும்?" என்று கணவர் கேட்டார். அதே பழைய குரல்தான்.

"நீங்க வாசப்படியில உட்கார்ந்து போடறது மேல கேக்கும் சார். கதவைச் சாத்தறதுக்கு முன்னால. நீங்க கட்டம் கட்டமா அடைச்சுக்கிட்டு வர்றதைக் கேட்டுட்டு, சார் இன்னைக்கு எங்க மாட்டுவார்னு அவ பந்தயமே கட்டுவா. மனசுல உங்களை வெச்சுக்கிட்டுத்தான் பாதி நாள் போட்டிருக்கா. அவர் சுலபமா நம்பமாட்டார், அவருக்குப் பிடிபட்டா எல்லாருக்கும் பிடிபட்ட மாதிரின்னு சொல்லுவா."

கணவர் வாசலிலிருந்து விலகி நின்று, "உள்ள வந்து உட்காருங்க," என்றார். அவர் அந்த வீட்டில் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் அக்காவை நாற்காலியில் வைத்து மாடியிலிருந்து இறக்கினபோது நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்தவர் கணவர்தான். வண்டி நகரும்வரை அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நான்தான் சொல் போடப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே பென்சிலை அவர் வாங்கிக்கொண்டார். அந்தச் சந்தேகப் புத்தி இந்த வேலைக்கென்றே வளர்த்தது போல இருந்தது. நான் சங்கிலி என்று ஒரு வார்த்தை சொன்னேன். 'நாய்க்கும் உண்டு, கழுத்துக்கும் உண்டு, ரயிலில் இழுத்தால் அபராதம்' என்று அவர் குறிப்பு எழுதினார். உடனே அவருக்கே அதன்மேல் சந்தேகம்.

"எவனாவது வேற ஏதாவது நாலெழுத்தைக் கொண்டுவந்து இதுவும் சரிதானேன்னு நின்னா?"

"ஒரு எழுத்தைக் கொடுத்துடுங்க. ங் போடுங்க."

"ங் கொடுத்தா அடுத்தது க வரிசைன்னு குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சுடும். கடைசி லி-யைக் கொடுப்போம். யாரும் லி-யை வெச்சுக்கிட்டு முதல் எழுத்தைப் பிடிக்க முடியாது."

இப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் வழக்கு நடந்தது. வேறு விடை எதுவும் நுழைய இடம் இல்லாதபடி ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்துவிட்டுத்தான் அவர் பென்சிலைக் கீழே வைப்பார். மாடிக்காரர் அக்காவை வேலூரில் சேர்த்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை போவதும் வருவதுமாக இருந்தார். எங்கள் தாளைத் தானே எடுத்துப்போய்க் கொடுப்பார். ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்: "மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஏன்யா இப்படி ஈவு இரக்கமே இல்லாம போடறே, வாசகர்கள் திட்டி எழுதறாங்கன்னு சொன்னார் சார்." கணவருக்கு அதில் அவ்வளவு பெருமை. ஆனால் அந்தக் கடிதங்களை உண்மையிலேயே வாசகர்கள் எழுதினார்களா, மேனேஜரே கிளப்பிவிட்டாரா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நடந்த அன்று எங்களுக்குத் தகவல் எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கணவர் வேலையிலிருந்து வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது சாத்தியிருந்தது. "நல்லபடியா இருந்தா சொல்லியிருப்பாங்களே," என்றார். எனக்கும் அதே பயம்தான். மூன்றாம் நாள் தந்தி வந்தது. பிழைத்துவிட்டார்.

பங்குனி வெயிலில் அக்கா திரும்பி வந்தார். இன்னும் இளைத்திருந்தார், ஆனால் உதட்டில் அந்த நீலம் இல்லை. முதல் வாரம் மாடியிலேயே இருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் மரப்படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்குகிற சத்தம் கேட்டு நாங்கள் வெளியே வந்தோம். வீட்டுக்காரம்மாவும் வந்தார். கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

கிணற்றடிக்கு வந்ததும் சுற்றிப் பார்த்தார். "கிணறு இவ்வளவு சின்னதா? சத்தத்தைக் கேட்டு நான் பெரிசா நினைச்சிருந்தேன்," என்றார். துவைக்கிற கல்லைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் பின்கதவைப் பார்த்தார். அப்புறம் கணவர் பக்கம் திரும்பி, "நீங்க போட்டதையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வரவழைச்சுப் படிச்சேன் சார். பாதிக்கு எனக்கு விடை வரலை," என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். அந்த அம்மா உண்மையாகத்தான் சொல்கிறாரா, மனம் நோகாமல் இருக்கச் சொல்கிறாரா என்று அவருக்குத் தெரியவில்லை. "எந்தெந்த நாள்து வரலை?" என்று கேட்டார்.

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். குறிப்பையும் சொல்லி, எந்தக் கட்டத்தில் நின்றுபோனார் என்பதையும் சொன்னார். அப்போதுதான் கணவர் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. கிணற்றடியில் ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டதையும் மறந்து, லி-யை ஏன் கொடுத்தேன், ங்-ஐ ஏன் கொடுக்கவில்லை என்று அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் காபி போட உள்ளே போனேன். வீட்டுக்காரம்மா என் பின்னாலேயே வந்து, "ஆமா, இவங்க ரெண்டு பேரும் என்ன பாஷையில பேசிக்கறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அறுபதுகளின் நடுவில் அந்தப் பத்திரிகை நின்றுபோனது. அதற்கு முன்பே அவர்கள் மாடி வேண்டாம் என்று, திருச்சி டவுனுக்குள் கீழ்த்தளமாகப் பார்த்து ஒரு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சில சமயம் பார்ப்போம். அக்கா கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு தனியாக நடந்து வருவார். பஸ் வரும்வரைக்கும் கணவரும் அவரும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பஸ்ஸைப் பார்த்துக்கொள்வேன்.